வாயோரத்து வெள்ளை

செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில், ஒரு ஸ்டுடியோவின் பின்னறையில் உட்கார்ந்து பதினோரு வருஷமாக போட்டோ திருத்திக்கொண்டிருக்கிறேன். கேமராவைத் தொடுவது ஓனர் மட்டும்தான். கல்யாணம், மஞ்சள் நீர், காதுகுத்து என்று வாரத்தில் பாதி நாள் அவர் வெளியில் இருப்பார். கடையும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. எங்கள் காலனியில் கம்ப்யூட்டர் படித்த முதல் பெண் நான். தினமும் திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போய்ப் படித்தேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. செய்த தப்பை ஒத்துக்கொள்ள முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் கடைக்கு நல்ல படத்தைக் கொண்டு வருகிறவர்கள் குறைவு. கோளாறான படத்தைத்தான் கொண்டு வருவார்கள். கோட்டைக்கு ஏறிப் போய், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்திருப்பார்கள். வானம் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கும், முகம் கரி மாதிரி இருக்கும். வீட்டு விசேஷத்தில் ஃபிளாஷ் அடித்து எல்லாருக்கும் கண் சிவந்திருக்கும். குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லாரும் மஞ்சள் காமாலை வந்தவர்களாகத் தெரிவார்கள். நாலு பேர் போனுக்கு மாறி மாறிப் போய்ச் சுருங்கிப்போன படத்தைக் கொண்டுவந்து, சுவர் அளவுக்குப் பெரிசாக்கச் சொல்வார்கள். திரையில் பளிச்சென்று இருந்த படம் பிரிண்ட்டில் இருட்டடித்து வரும். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு வழி உண்டு. எதை ஏற்றி எதைக் குறைக்க வேண்டும் என்று என் கைக்குத் தெரியும்.

முகத்துக்கு மட்டும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்த முகம் வந்தாலும் பருவை எடுப்பேன், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பை எடுப்பேன், நிறத்தை இரண்டு படி ஏற்றுவேன். நான் நல்ல கருப்பு. என் கல்யாண ஆல்பத்தில் நான் மாநிறத்துக்கும் மேலே இருப்பேன். அதைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஏன் மாற்றினாய் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. அதனால் கேட்காமலே செய்வது பழகிப்போனது.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வல்லத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், கோயில் கோபுரத்துக்குப் பதிலாக சர்ச் கோபுரம் தெரிகிற ஊர். கையில் ஒரு பழைய போன், திரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பச்சைக்கோடுகள்.

"இந்த போன் எப்ப நின்னுபோவும்னு தெர்லக்கா. பாதி நேரம் தானா ஆஃப் ஆயிடுது. இதுல எங்க வீட்டுக்காரரு போட்டோ ஒண்ணு இருக்குது. அத எடுத்துப் பெருசு பண்ணிக் குடுங்க."

அவர் இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கிணற்று மோட்டாரில் கை வைத்தபோது கரண்ட் அடித்துவிட்டது. முப்பதாம் நாள் பூசைக்குப் படம் போட்ட அட்டை அடிக்க வேண்டும், வீட்டில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும் என்றாள்.

"வேற படம் இருக்குதாம்மா? இந்த போன் ஒத்துழைக்கலன்னா?"

"கல்யாணப் படம் இருக்குது. அதுல வேற மாதிரி இருப்பாரு. அப்புறம் அவரு போட்டோவுக்கு நிக்கவே மாட்டாரு. ஆதார் கார்டுல வெள்ளையா, ஒண்ணுமே தெரியாம இருக்குது. இது ஒண்ணுதான், அவருக்குத் தெரியாம நான் எடுத்தது. யாருக்கும் அனுப்புனதில்ல. அனுப்புனா கோச்சுக்குவாரு."

கேபிள் போட்டு எடுக்கப் பார்த்தேன். பாதியில் போன் அணைந்துவிட்டது. மறுபடி உயிர் வர வைத்தேன், மறுபடி அணைந்தது. நாலாவது தடவை படம் முழுசாகக் கம்ப்யூட்டருக்கு வந்தது. எனக்கே மூச்சு வந்த மாதிரி இருந்தது. அந்தத் திருப்தியில் அவளிடம் சொன்னேன்:

"ஏத்திட்டேன்மா. இனிமே இங்க பத்திரமா இருக்கும். போன் போனாலும் கவலப்படாத."

"அப்ப இத கடையில குடுத்துட்டு வேற வாங்கிக்கட்டுமா? எங்கண்ணன் எக்ஸ்சேஞ்சுல வாங்கித் தர்றேன்னுச்சு."

"தாராளமா குடு" என்றேன்.

படத்தில் அவர் பிடுங்கிப்போட்ட மல்லாட்டைச் செடிக் குவியலுக்குப் பக்கத்தில் பனியனோடு உட்கார்ந்திருந்தார்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். போனைக் கவனிக்காமல் நேராகப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இடது புருவத்தில் பாதி வெள்ளை. வாயின் இடது ஓரத்தில் தொடங்கி முகவாய் வரைக்கும் ஒரு வெள்ளைத் திட்டு. வெண்புள்ளி என்று சொல்வோமே, அது. நல்ல கருத்த முகத்தில் அது தனியாகத் தெரிந்தது.

அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பனியனோட இருக்காரு. ஒரு வெள்ளச் சட்ட மட்டும் போட்டு வுட்டுடுங்க."

சட்டை மட்டும். அந்த வார்த்தையை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அவள் போனதும் வேலையைத் தொடங்கினேன். முதல் வேலையாக, வந்த படத்தை அப்படியே இன்னொரு ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். எப்போதும் செய்வேன். அன்றைக்கு அந்த போனோடு போராடியதில், படம் வந்ததே போதும் என்று நேராகத் திறந்துவிட்டேன். முகத்துக்கென்று ஒரு சின்ன சாஃப்ட்வேர் வைத்திருக்கிறேன். அதில்தான் முதலில் முகத்தைச் சுத்தம் செய்வேன். சாயங்கால வெயிலின் மஞ்சளைக் குறைத்தேன். நெற்றியில் விழுந்திருந்த நிழலைக் கொஞ்சம் தூக்கினேன், வழக்கம்போல நிறத்தை இரண்டு படி ஏற்றினேன். அப்புறம் புருவம். அப்புறம் வாயோரம். பக்கத்துத் தோலை எடுத்து மேலே தடவிக்கொண்டே போனால் வெள்ளை மறைந்துவிடும். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். போட்டோவுக்கே நிற்காத மனுஷன் என்றாளே, இதனால்தான் நின்றிருக்க மாட்டார், பாவம் என்று நினைத்தேன்.

அதற்குள் பாஸ்போர்ட் சைஸுக்கு வந்த ஒருவர் முன்பக்கம் நின்று, "பஸ்ஸு போயிடும்மா" என்று மூன்றாவது தடவை சொன்னார். சேவ் கொடுத்தேன். ஏற்கெனவே இந்தப் பெயரில் ஒரு படம் இருக்கிறது, அதன் மேலேயே எழுதவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சரி என்று அழுத்திவிட்டு எழுந்து போனேன்.

சட்டை மாற்றியது மறுநாள். அதைத் தனிப்பெயரில் சேவ் செய்தேன். நன்றாக வந்திருந்தது. காலர் கழுத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் நாள் அவள் மாமியாரோடு வந்தாள். திரையில் படத்தைக் காட்டினேன். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"எம்புள்ள. கண்ணாலத்தப்போ இருந்த மாதிரியே இருக்கான் பாரு" என்றார். என் கையைப் பிடித்து, "நீ நல்லா இருப்பம்மா" என்றார்.

அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள். அப்புறம் தன் வாயின் ஓரத்தைத் தொட்டுக் காட்டி, "இங்க வெள்ளையா இருக்குமே, அது எங்க?" என்றாள்.

"அத எடுத்துட்டேன்மா. நீட்டா இருக்கட்டும்னு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாமியார், "வுடுடி. இருந்தவரைக்கும் அதாலதான நாலு பேரு எதிர வராம ஒளிஞ்சான்" என்றார்.

"எனக்கு அதோடதான் வேணும்" என்றாள் அவள்.

"அதுக்கென்னம்மா, பழைய படம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே அதைத் திறந்தேன். பனியனோடு, சிரித்துக்கொண்டு, வெள்ளை இல்லாமல் இருந்தார். என்ன நடந்தது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அந்தப் பனியன் படத்தைக் குனிந்து பார்த்தாள். குழம்பிப்போய்க் கேட்டாள்.

"போன்ல இருந்ததே இப்டித்தானா?"

நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்த இடம் அது. ஆனால் அவள் கேட்ட விதத்திலேயே எனக்கு ஒரு வழி திறந்திருந்தது. மாமியார் என்னை வாழ்த்தி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முன்பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கம்ப்யூட்டர் படித்தவள், வருஷக்கணக்காக இதே வேலையைச் செய்கிறவள், ஒரே ஒரு படத்தை அழித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"ஆமாம்மா" என்றேன். "இப்பல்லாம் போன் கேமராவே மூஞ்சிய க்ளீன் பண்ணிடும். அதுல அப்டித்தான் வரும்."

"இல்லக்கா. நான் தெனம் எடுத்துப் பாத்தனே. இருந்துச்சே."

"திரையில கோடு கோடா இருந்துச்சுல்ல. அதுல அப்டித் தெரிஞ்சிருக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிப் பார்த்தாள். "இருக்கும்" என்று மெதுவாகச் சொன்னாள். போனைக் கடையில் கொடுத்தாகிவிட்டதா என்று நான் கேட்டேன். முந்தாநாளே கொடுத்தாகிவிட்டது, அவர்கள் எல்லாவற்றையும் அழித்துத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்றாள். அதைக் கேட்டு எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் பொய் வெளியே வராது என்ற நிம்மதி. அப்படி ஒரு நிம்மதி எனக்குள் வந்தது என்பதை இன்று வரைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அவர்கள் போன பிறகு கடையைப் பாதி மூடிவிட்டு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் ஒன்றை அழித்தாலும், அதன் மேலே எழுதினாலும், சில சமயம் பழையது உடனே போய்விடாது. அந்த இடத்தை வேறொன்று வந்து பிடிக்கும்வரை உள்ளே எங்கேயோ கிடக்கும். தப்பு நடந்தது தெரிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எந்த வேலையும் செய்யாமல் நிறுத்தினால் மீட்க வாய்ப்பு அதிகம். நான் மூன்று நாளில் நாலு கல்யாண ஆல்பம் ஏற்றியிருந்தேன். இருந்தாலும் மீட்கிற சாஃப்ட்வேரை ஓடவிட்டேன். அது தேடித்தேடி, பெயரில்லாத நூற்றுக்கணக்கான படங்களைக் கொண்டுவந்து கொட்டியது. யார் யாரோ வீட்டுப் பிள்ளைகள், யார் யாரோ வீட்டு வாசல்கள். அவற்றுக்கு நடுவில் அவர் இருந்தார்.

பாதிதான் இருந்தார். தலைமுடி, நெற்றி, வெள்ளைப் புருவம், கண்கள், மூக்கு. மூக்குக்குக் கீழே ஒரு நேர்க்கோடு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

சிரிக்கிற கண்கள். சிரிப்பு இல்லை.

ஓனர் சாயங்காலம் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "வுடும்மா. அழகாத்தான இருக்குது. இத யாரு வந்து கேக்கப்போறாங்க?" என்றார். ஆல்பம் டிசைன் என்னாச்சு என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். யாராவது அப்படிச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவள் மாதிரி நானும் விட்டுவிட்டேன். அந்தப் பாதிப் படத்தை ஒரு ஃபோல்டரில் போட்டு மூடி வைத்தேன். அவளைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சொன்னால் பொய்யையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பூசை அட்டை அடித்துக் கொடுத்தோம். முன்னூறு முகம், ஒன்றில்கூட வெள்ளை இல்லை. அடுக்கிக் கட்டும்போது குப்புறத் திருப்பி வைத்துக் கட்டினேன். பெரிய படத்தை ஃபிரேம் போட்டு அவள் கொழுந்தனார் வந்து எடுத்துப்போனார். ரொம்ப நல்லா இருக்குது என்று அவரும் சொன்னார்.

பூசை முடிந்து மறுநாள் அவள் கடை போனுக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க. போன் கேமரா அப்டிப் பண்ணும்னு சொன்னீங்களே, அது நெசந்தானா?"

என் பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே பேசினாள்.

"எம்பொண்ணுக்கு நாலு வயசு. அந்த வெள்ளைய அவ பாலுன்னு சொல்லுவா. நைனா பால் குடிச்சுட்டு வாயத் தொடைக்கலன்னு சொல்லி, அவ பாவாடையால தொடச்சு வுடுவா. அவருக்கு அந்த எடத்த வேற யாரும் தொட்டா புடிக்காது. அவள மட்டும் வுடுவாரு. இப்ப படத்த மாட்டுனதுலருந்து கேக்குறா. நைனா வாய்ல பால் எங்க, யாரு தொடச்சாங்கன்னு. இன்னா சொல்றதுன்னே தெர்லக்கா எனக்கு."

"நான் வர்றேன்மா" என்றேன். எதற்கு என்று அவள் கேட்டாள். "வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டிருந்ததில் மற்ற ஊர் பஸ்கள் குறைந்து, பஸ் ஸ்டாண்ட் முழுக்க எலுமிச்சம்பழ மாலையும் மஞ்சள் புடவையுமாக இருந்தது. ஒரு மணி நேரம் நின்றேன். பஸ் வரவில்லை என்று திரும்பிப்போய்விடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. ஷேர் ஆட்டோ ஒன்று அந்தப் பக்கம் போகிறேன் என்றது. ஏறிவிட்டேன்.

பூசாத செங்கல் சுவரோடு சின்ன வீடு. வாசலில் மல்லாட்டை காயவைத்திருந்தார்கள். உள்ளே மாதா படத்துக்குப் பக்கத்தில் நான் செய்த படம் மாலையோடு இருந்தது. அதற்கு நேர் கீழே பாயில் அந்தக் குழந்தை படுத்து, சுவரில் கால் வைத்துக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"வாங்கக்கா. இன்னா இவ்ளோ தூரம்?" என்று அவள் நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

"அந்த வெள்ளைய அழிச்சது போன் இல்லம்மா. நான்தான். நீ சொல்லாமலே அழிச்சேன். பழைய படத்து மேலயே சேவ் பண்ணிட்டேன். அன்னிக்கு உங்கிட்ட சொன்னது பொய்யி."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. "சட்ட மாத்தும்போதா?" என்றாள்.

"இல்ல. அதுக்கு முன்னாடியே. நீ பனியனோட பாத்தியே, அதுவும் நான் மாத்துனதுதான்."

வாசலில் இருந்த கோழியை அவள் ஒரு தடவை விரட்டினாள். திரும்பி வந்தாள்.

"நான் உங்க மூஞ்சியப் பாத்துத்தான கேட்டேன், இப்டித்தான் இருந்துச்சான்னு."

"ஆமா."

"நீங்க ஆமான்னீங்க."

"ஆமாம்மா."

"ஊரு பூரா கேட்டேங்க்கா. அவரு வாய்ல வெள்ள எவ்ளோ பெருசு இருந்துச்சு, ஞாபகம் இருக்குதான்னு. எங்க மாமியா, அது அவ்ளோ ஒண்ணும் இல்லடின்னாங்க. கொழுந்தனாரு, கிட்டப் போனாதான் தெரியும்னாரு. ஆறு வருசம் பக்கத்துல படுத்தவ நான். கடைசியில நானே, சரி, அவ்ளோ இல்ல போலன்னு நெனச்சிட்டேன். அவரு மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சோன்னு பயந்துட்டேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மன்னிச்சிடு என்று சொன்னேன். அது காதில் விழாதது மாதிரி அவள் கேட்டாள்.

"இப்ப ஒண்ணுமே இல்லையா?"

"மேல் பாதி கெடைச்சிருக்குது. மூக்கு வரைக்கும்."

"எங்க?"

"என் கம்ப்யூட்டர்ல."

"எப்பலருந்து?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் வந்துட்டுப் போன அன்னிலருந்து" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குழந்தை மட்டும் பாயிலிருந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். அழிந்த பாதிக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடியபோதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. போனில் படம் எடுக்கும்போது, அந்தக் கோப்புக்குள்ளேயே ஸ்டாம்ப் அளவுக்கு ஒரு குட்டிப் படமும் சேர்ந்து பதிவாகும், பட்டியலில் சீக்கிரம் காட்டுவதற்காக. நான் முகத்துக்கு வைத்திருக்கும் அந்தச் சின்ன சாஃப்ட்வேர் பெரிய படத்தை மட்டும் மாற்றும், குட்டிப் படத்தைத் தொடாது. அந்தப் பனியன் படத்துக்கு உள்ளே போய்ப் பிரித்துப் பார்த்தேன். இருந்தது. கட்டைவிரல் நகம் அளவு. பெரிசாக்கினால் முகமே கட்டம் கட்டமாக உடைந்தது. ஆனால் வாய்க்கு இடது பக்கம் நாலைந்து கட்டங்கள் வெளுத்திருந்தன. அன்றைக்கே பொறுமையாக யோசித்திருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். நான் மறைப்பதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் குழந்தையோடு வந்தாள். ஓனர் அன்றைக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். பாதிப் படத்தைத் திரையில் போட்டேன். வெள்ளைப் புருவத்தைப் பார்த்ததும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இதுதான். இந்த முடி ஒண்ணு ரெண்டு கருப்பா இருக்கும், இங்க. பாருங்க, இருக்குது" என்றாள். தனக்கே சாட்சி சொல்வது மாதிரி இருந்தது.

மூக்குக்குக் கீழே, நான் திருத்திய படத்திலிருந்து சிரிப்பை எடுத்து ஒட்டினேன். இரண்டுக்கும் நிறம் ஒத்துவரவில்லை. மேலே சாயங்கால மஞ்சள், கீழே நான் வெளுப்பாக்கிய நிறம். கீழ்ப்பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருப்பாக்கி, மஞ்சள் ஏற்றி மேலோடு சேர்த்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகு ஒரு முகத்தை நான் திரும்பக் கருப்பாக்கியது அதுதான் முதல் தடவை. அப்புறம் குட்டிப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெள்ளையை வரைய ஆரம்பித்தேன்.

"ஓரம் இப்டி நேரா இருக்காதுக்கா. கடிச்சு வச்ச மாதிரி இருக்கும்."

"இங்கியா?"

"இன்னும் கீழ. முகவாயில ஒரு குழி இருக்கும், அங்க வந்து நிக்கும். நடுவுல சுண்டக்கா அளவு கருப்பா ஒரு எடம் தனியா இருக்கும்."

அவள் விரல் திரையில் பட்டுப் பட்டுத் தடம் விழுந்தது. நான் துடைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன், வேண்டாம் என்றதை அழித்தேன். கடைசியில் அவள் பின்னால் சாய்ந்து பார்த்து, "சரியா இருக்குது" என்றாள்.

முன்பக்கம் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைக் கூப்பிட்டு மடியில் வைத்துக் காட்டினாள். அது கொஞ்ச நேரம் பார்த்தது.

"பால் கொஞ்சூண்டு இருக்குது" என்றது. "நைனாவுக்கு இன்னும் பெருசு."

நாங்கள் இரண்டு பேரும் குட்டிப் படத்தைத் திரும்பப் பார்த்தோம். கன்னத்தை நோக்கி இன்னும் ஒரு கட்டம் வெளுத்துத்தான் இருந்தது. அதை வெறும் மங்கல் என்று நான் விட்டிருந்தேன். வெள்ளையை அந்தக் கட்டம் வரைக்கும் பெரிசாக்கினேன். குழந்தை பாவாடை நுனியை எடுத்துத் திரையில் அந்த இடத்தை ஒரு தடவை துடைத்தது. அவள் குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் எழுந்து முன்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி வந்தபோது அவள் கண்ணைத் துடைத்திருந்தாள்.

"எது வரைக்கும் அவரு? எதுலருந்து நீங்க போட்டது?" என்று கேட்டாள்.

மூக்குக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். "இதுக்கு மேல போன்ல எடுத்தது. இதுக்குக் கீழ சிரிப்பு அவருது. வெள்ள நம்ம போட்டது."

அவள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள். அதைத் தவிர அதற்கப்புறம் அவள் என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை.

புதிதாகப் பிரிண்ட் போட்டு, நானே ஃபிரேம் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமியாருக்கு அதில் இஷ்டமில்லை. பழையதை அவர் பெரிய மகன் வீட்டில் மாட்டிக்கொண்டார். ஒரே தெருவில் இப்போது இறந்தவருக்கு இரண்டு முகம் இருக்கிறது. பூசைக்கு வந்தவர்கள் வீட்டில் எல்லாம் நான் வெள்ளையை அழித்த முகம்தான் பைபிளுக்குள்ளும் சாமி படத்துக்குப் பின்னாலும் இருக்கும். அந்த அட்டைகளைத் திரும்பக் கேட்க முடியாது.

இப்போது எந்த முகமாக இருந்தாலும், தொடுவதற்கு முன்னால் கேட்கிறேன். மச்சம் இருக்கட்டுமா, தழும்பு இருக்கட்டுமா, நிறம் இப்படியே இருக்கட்டுமா என்று. பெரும்பாலும் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். எடுக்கிறேன். இதெல்லாம் எதுக்கும்மா கேட்டுக்கிட்டு, நேரம் போகுது என்று ஓனர் சலித்துக்கொள்கிறார்.

போன வருஷம் அவளை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். சர்ச்சில் ஏதோ விசேஷம் போல. குழந்தை வளர்ந்திருந்தது; வெள்ளை கவுன், தலையில் பூ வளையம். கையில் ஒரு போட்டோ கவர். அதன் மேல் எதிர்த் தெருவில் இருக்கிற இன்னொரு ஸ்டுடியோவின் பெயர் இருந்தது. அவள் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று மரியாதையாகக் கேட்டாள். நல்லா இருக்கேன் என்றேன். கவரைத் தற்செயலாக மாற்றுவது மாதிரி அவள் அந்தப் பக்கக் கைக்கு மாற்றிக்கொண்டாள். எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று அப்படிச் செய்தாள். அவர்கள் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.